தோட்டம் பார்க்க வந்தவர்களில் ஒருத்தி

கிணற்றடி மல்லிகைக்குச் சொந்தக்காரியான என் அம்மாவுக்கு,

இன்றைக்கு மட்டும் பெரியம்மா வந்து எனக்குப் பக்கத்தில் பாயில் படுத்திருக்கிறார். அவருடைய குறட்டை நின்றால் நானும் எழுதுவதை நிறுத்திவிடுவேன். கைபேசியின் வெளிச்சம் வெளியே தெரியாமல் போர்வைக்குள் வைத்திருக்கிறேன். விடிந்ததும் அப்பாவுக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டும். உங்களிடம் சொல்லிப் பார்த்துவிட்டு அவரிடம் சொல்லலாம் என்றுதான் இந்த எழுத்து.

முதலில் வீட்டுப் புதினம் சொல்கிறேன். இந்தப் பங்குனியில் எங்கள் வீட்டுக்குத் தோட்டம் பார்க்க ஆட்கள் வந்தார்கள், அம்மா. உங்களுக்குத் தெரிந்த அதே ஏற்பாடுதான். மாதர் சங்கத்தார் முன்னால் நடக்க, கொழும்பில் இருந்தும் வெளிநாடுகளில் இருந்தும் வந்தவர்கள் தொப்பியும் தண்ணீர்ப் போத்தலுமாகப் பின்னால் வந்தார்கள். கடற்கரைப் பக்கம் சில வீடுகள், வாவிப் பக்கம் சில வீடுகள். மழை விட்டு வெயில் இன்னும் முறுகாத இந்த நாட்களில்தான் எங்கள் மணலில் எல்லாம் பூக்கும் என்று அவர்களுக்கு மாதம் குறித்துக் கொடுத்ததே நீங்கள்தானே?

போன வருடம் நீங்கள் மாசியில் போய்விட்டீர்கள். பங்குனியில் அவர்கள் எங்கள் வாசல் படலையைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். இந்த வருடம் ஆண்டுத் திவசம் முடிந்த கையோடு சங்கத் தலைவி வந்து கேட்டதும் அப்பா ஓம் என்றுவிட்டார். பெரியம்மாவுக்குக் கோபம். எனக்கு ஆச்சரியம். உங்கள் பெயரைக்கூட இந்த வீட்டில் எடுக்காத மனிசன், உங்கள் தோட்டத்தை ஊருக்குக் காட்ட எப்படிச் சம்மதித்தார்?

உண்மையைச் சொன்னால் தோட்டம் காட்டக்கூடிய நிலையில் இல்லை. கடதாசிப்பூ மட்டும் வேலி நிறையப் பூத்துக் கிடந்தது. அதற்கு யாரும் தேவையில்லை. ரோசாக்கள் கருகிவிட்டன. மல்லிகை இலையைச் சுருட்டிக்கொண்டு நின்றது. நான் பள்ளிக்கூடம் போகுமுன்னும் ஊற்றுகிறேன், வந்ததும் ஊற்றுகிறேன். ஊற்றிய தண்ணீர் மணலில் போன இடம் தெரிவதில்லை. கிணற்றுக் கயிறு இழுத்து இழுத்து உள்ளங்கை காய்த்துப் போனது. வகுப்பில் நித்திரை வருகிறது. சாதாரண தரப் பரீட்சை எழுதும் வருடத்தில் இப்படி வாங்கு மேசையில் தலை வைத்துப் படுக்கிறாயே என்று ஆசிரியை கேட்டார். தோட்டம் செத்துக்கொண்டிருக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சுற்றி வருகிறேன்.

அப்பாவுக்கு வெல்லாவெளிப் பக்கத்தில் ஒரு சம்பந்தம் பேசுகிறார்கள். அப்பாவின் வயல்வட்டைக்குப் பக்கத்து வயல்காரருடைய தங்கை. புருசன் இல்லாதவர், பிள்ளைகளும் இல்லை. எங்கள் வழக்கத்தை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. வீடு பெண்பிள்ளைக்கு. ஆண் கட்டினவளின் வீட்டுக்குப் போவான். அப்பாவும் அப்படித்தான் படுவான்கரையில் இருந்து வாவியைக் கடந்து உங்கள் வீட்டுக்கு வந்தார். இப்போது இன்னொருத்தியைக் கட்டினால் திரும்பவும் வாவியைக் கடந்து அவளுடைய வீட்டுக்குப் போவார். வீடு எனக்கு, அப்பா அவளுக்கு. பெரியம்மா தேங்காயை இரண்டாகப் பிளப்பது போல இதைச் சொல்லிவிட்டார்.

“உன்ட வீட்ட நீ வெச்சுக்கொண்டு இரு புள்ள. நான் வந்து படுக்கிறன். அந்தக் கரையாள் இஞ்ச வந்து விளக்கு வெக்க ஒண்ணா. இது நம்மட தாய்வழிக் குடி வீடு” என்றார்.

பெரியம்மா என்மீது உள்ள பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் அப்பா வட்டையில் யானைக் காவலுக்குப் போகிற இரவுகளில் இந்த வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் இருந்தபோது அது அப்படி இருக்கவில்லை. தென்னோலை விழுந்தாலும் எழும்பி உட்காருகிறேன். அவர் எப்படியும் திரும்பி வருவார் என்பதால்தான் மறுபடியும் படுக்கிறேன். திரும்பி வரவே மாட்டார் என்றால்?

இன்றைக்குப் பகல் அவர்கள் தோட்டம் பார்க்க வந்த கதைக்கு வருகிறேன். வெள்ளைக்காரப் பெண்கள் கடதாசிப்பூவைப் படம் பிடித்தார்கள். கொழும்பில் இருந்து வந்த ஒரு அம்மா, இவ்வளவு உப்பு மணலில் இதையெல்லாம் உண்டாக்கியது யார் என்று அப்பாவிடம் கேட்டார். “இவட தாய்” என்று என்னைக் காட்டிவிட்டு அப்பா இளநீர் வெட்டப் பின்பக்கம் போய்விட்டார். அவ்வளவுதான். ஒரு வருடத்தில் உங்களைப் பற்றி அவர் வாயில் இருந்து நான் கேட்டது அந்த இரண்டு சொல்தான்.

தங்கள் ஊரிலும் இப்படி ஒன்று செய்யலாமா என்று பார்க்கப் படுவான்கரை மாதர் சங்கப் பெண்களும் ஒரு வான் வண்டியில் வந்திருந்தார்கள். அதில் ஒருத்தி அந்த வெல்லாவெளிப் பெண்தான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அப்பாதான் காட்டிக் கொடுத்தார். எல்லோருக்கும் இளநீரைக் கையில் கொடுத்தவர், பச்சைச் சேலையும் குடையுமாக நின்ற ஒருவருக்கு மட்டும் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போனார். பயமாக இருந்த அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது, அம்மா.

பெரியம்மாவும் அதைக் கண்டுவிட்டார். பக்கத்தில் நின்றவருக்குச் சொல்வது போல உரக்கச் சொன்னார்: “தோட்டம் பாக்க வந்த சனத்துக்குக் கண் வீட்டுக்குள்ளயும் போகுதுகா.”

அந்தப் பெண் இளநீரை மெதுவாகக் குடித்து முடித்தார். “வீட்டுக்குள்ள போகல்லக்கா. செருப்பு இன்னும் கால்லதான் கிடக்கு” என்றார்.

சத்தம் போடாமல், முகத்தைச் சுளிக்காமல் சொன்னார். பெரியம்மா குசினிப் பக்கம் போய்விட்டார். எல்லோரும் அடுத்த வீட்டுக்குக் கிளம்பும்போது அந்தப் பெண் மட்டும் ரோசாப் பாத்தியில் குந்தினார். மணலுக்குள் விரல்களை விட்டுக் கிளறி, கறுப்பாக உதிர்ந்த எதையோ எடுத்து முகர்ந்தார். நான் காவல்காரி மாதிரி பக்கத்தில் போய் நின்றேன்.

“தண்ணி ஊத்துறதுதானே மகள்?”

“ஓம்.”

“கை நோக ஊத்தினாலும் நிக்காது. அடியில வெச்ச தேங்காய்ப் பொச்சுமட்ட உக்கிப் போச்சு. உங்கட அம்மா ஒவ்வொரு பங்குனியும் கிண்டி எடுத்துப்போட்டு வேற மட்ட வெக்கிறவவாம். மட்டதானாம் தண்ணியப் பிடிச்சு வெச்சிருக்கும்.”

நீங்கள் பங்குனியில் குழி கிண்டுவது எனக்கு நினைவிருக்கிறது. உரம் போடுகிறீர்கள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. “உங்களுக்கு யார் சொன்னது?” என்றேன். கொஞ்சம் மரியாதை இல்லாமல்தான் கேட்டேன்.

அவர் கையில் இருந்த மணலைத் தட்டினார். “உங்கட அப்பா. அண்ணனோட காவலுக்கு இருக்கக்குள்ள நான் சோறு கொண்டு போறது. போற நேரமெல்லாம் உங்கட அம்மாட கதைதான். வாடின செடியப் பாத்து ஏசுறவவாமே? ‘உனக்கென்ன குறை வெச்சன்’ எண்டு கேக்கிறவவாம்.”

அதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்தச் சொல் நீங்கள் சொன்ன மாதிரியே இருந்தது, அந்த இழுவையோடு. என்னுடைய அம்மாவை இன்னொருத்தி வாயில் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் இன்னும் சொல்லமாட்டாரா என்றும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி வரும், அம்மா? வண்டியில் ஏறும்வரை அந்தப் பெண் என்னைத் தொடவுமில்லை, வேறு ஒன்றும் கேட்கவுமில்லை.

பின்னேரம் நானும் அப்பாவும் முற்றத்தில் கிடந்த இளநீர்க் கோம்பைகளைப் பொறுக்கினோம். அப்பா குனிந்தபடியே சொன்னார். “வதனி, நீ வேணாமெண்டு சொன்னா நான் அங்க போகல்ல. நாளைக்குக் காலம்பற அவங்களுக்கு முடிவு சொல்லோணும். நீ யோசிச்சுச் சொல்லு.”

இவ்வளவு பெரிய முடிவை என் தலையில் வைக்கலாமா? அழுகைதான் வந்தது. நான் கேட்டது வேறு. “பொச்சுமட்டை மாத்திற கதைய எனக்கு ஏன் சொல்லல்ல அப்பா?”

அவர் நிமிர்ந்தார். கைநிறையக் கோம்பைகள். எங்கே போடுவது என்று தெரியாதவர் மாதிரி நின்றார்.

“அம்மாட பேர எடுத்தா நீ எழும்பி அறைக்குள்ள போயிடுவாய். அதுக்குப் பயந்துதான்” என்றார்.

நான் போனேனா, அம்மா? போயிருப்பேன். முதல் மாதங்களில் யார் உங்கள் பெயரைச் சொன்னாலும் எனக்கு மூச்சு முட்டியது. அப்பா பேசவில்லை என்று நான் அவர்மேல் கோபமாக இருந்தேன். எனக்கு வலிக்கும் என்று அவர் வாயை மூடிக்கொண்டு, வாவிக்கு அந்தப் பக்கம் போய் உங்களைப் பற்றிப் பேசியிருக்கிறார். இந்தக் கரையில் நாங்கள் இருவரும் ஊமைகளாகத் தண்ணீர் குடித்துச் சோறு தின்றோம்.

அப்போதிருந்து ஒரே யோசனை. வழக்கப்படி அப்பா போனால், அவர் மட்டும் போகமாட்டார். உங்கள் கதையும் அவரோடு போய்விடும். நான் இங்கே உங்கள் வீட்டையும் உங்கள் கிணற்றையும் வைத்துக்கொண்டு இருப்பேன். நீங்கள் அந்த வட்டைக் கரையில், எனக்குக் கேட்காத இடத்தில் இருப்பீர்கள். வேண்டாம் என்று சொல்லி அப்பாவைப் பிடித்து வைத்தாலோ, இருவரும் பழையபடி ஊமைதான்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. வீடு என்னுடையது என்றால், யார் வரலாம் என்று சொல்வதும் நான்தானே?

பெரியம்மா கத்துவார். சில நாள் இந்தப் பக்கம் வராமலும் இருப்பார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குசுகுசுப்பார்கள். அந்தப் பெண் வந்தால் அவரை நான் என்ன சொல்லிக் கூப்பிடுவது? சின்னம்மா என்றா? குசினியில் உங்கள் உப்புச் சிரட்டையை இடம் மாற்றி வைத்தால் நான் தாங்குவேனா? எனக்குத் தெரியாது. எனக்கு இன்னொரு அம்மா வேண்டாம். எனக்குக் களைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். இரவில் வீட்டில் இன்னொரு ஆள் மூச்சு விடும் சத்தம் வேண்டும். அப்பா உங்களைப் பற்றிப் பேசும்போது நானும் அங்கே இருக்க வேண்டும்.

பெரியம்மா புரண்டு படுக்கிறார். முடிக்கிறேன். இந்த வாரமே எல்லாக் குழியையும் கிண்டிப் பொச்சுமட்டை மாற்றுவோம். ரோசாக்களை யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும். கிணற்றடி மல்லிகையை வேறு கைக்கு விடமாட்டேன், அதை நானே கிண்டுவேன், வாடினால் நானே ஏசுவேன். இது உங்களுக்குத் தரும் வாக்கு.

விடிந்ததும் அப்பாவிடம் ஒன்றுதான் சொல்லப் போகிறேன். குரல் நடுங்காமல் இருக்க நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த முறை அவ வரக்குள்ள, வாசலில செருப்பைக் கழட்டிப்போட்டு வரச் சொல்லுங்க அப்பா.

உங்கள் வீட்டைக் காக்கும் ஒரே மகள்,
வதனி