மதகின் அகலம்

முசியே,

இன்று அலுவலகத்தில் புது அளவு நாடா கொடுத்தார்கள். பிரித்ததும் மெழுகுத் துணி வாசனை. அடிக்கணக்கு போய்விட்டது, இனி மீட்டராம். பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து நமக்குப் பழகிய அளவு இப்போது தேசம் முழுவதற்கும் வந்திருக்கிறது. எனக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. நாடாவைச் சுருட்டி மேசைக்குள் தள்ளிவிட்டேன்.

பிரெஞ்சுக்காரன் போன கையோடு நீங்கள் இன்ஜினியர் வேலையை விட்டுத் தேர்தலில் நின்றீர்கள். அப்போதும் எனக்கு நீங்கள் சார் இல்லை, பழைய பிரெஞ்சு வழக்கப்படி முசியேதான். "நான் வரைஞ்சி வச்ச வாய்க்கால நானே போயி கேட்டாத்தான் வெட்டுவானுங்க" என்றீர்கள். ஜெயித்து, சட்டசபையில் மல்லுக்கட்டி, முதலியார்பேட்டைக்கு வடிகால் வாங்கினீர்கள். புது அரசாங்கத்தில் அப்போது அடிக்கணக்குதான் என்பதால், உங்கள் பழைய வரைபடத்தை மீட்டரிலிருந்து அடிக்கு மாற்றி எழுதும் வேலை, உங்களிடம் படம் போட்டுக்கொண்டிருந்த என்னிடம் வந்தது.

நம் வரைபடங்களில் எண்ணுக்குப் பக்கத்தில் மீட்டர் என்று எழுதும் வழக்கமே கிடையாதே. எல்லாவற்றையும் மாற்றியவன், சாலைக்கு அடியில் போகும் மதகின் அகலத்தில் கோட்டை விட்டேன். 2 என்று இருந்தது. 2 அடி என்று எழுதிவிட்டேன். ஆறரை அடி இருக்க வேண்டிய மதகை இரண்டடியில் கட்டிவிட்டார்கள்.

ஐப்பசி மழையில் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் வீடுகளுக்குள் புகுந்தது. முழங்கால் தண்ணீரில் நின்று நீங்கள் மதகைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள்.

"எவன் இத்த வரைஞ்சவன்?" என்று ஒரு பெண் கத்தினாள்.

"நான்தாம்மா" என்றீர்கள்.

திரும்பும் வழியில், "வுடுய்யா. மூணு பொண்ணு வச்சிருக்கற, வேல போனா என்னா பண்ணுவ? எனக்கு ஓட்டுதான போவும்" என்றீர்கள். போயிற்று. அடுத்த தேர்தலில் முதலியார்பேட்டையே உங்களைக் கைவிட்டது. அதன் பிறகு அந்தப் பக்கம் நீங்கள் போகவே இல்லை. நான் வாயைத் திறக்கவும் இல்லை. வெட்கமாக இருக்கிறது, முசியே.

போன மாதம் உங்களை அடக்கம் செய்தோம். அந்த மதகை இடித்துக் கட்டும் கோப்பு இன்று, நாடா வந்த கையோடு, என் மேசைக்கு வந்தது. புது அதிகாரியிடம் போய், "அந்தத் தப்பு என்னுது சார்" என்றேன்.

அவர் தலை நிமிரவில்லை. "அதான் அவரே ஒத்துக்கினாரே. செத்தவரு மேலயே இருக்கட்டும், வுடுங்க."

விடாமல் கோப்பில் என் பெயரை எழுதினேன். அவர் அந்தப் பெயரை அடித்தாலும் அடிப்பார். பிறகு புது வரைபடம் போட உட்கார்ந்தேன். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் மீட்டர் என்று முழுசாக எழுதிக்கொண்டே வந்தேன். மதகு வந்ததும் கை நின்றுவிட்டது. உங்களிடம் ஒரு தடவை காட்டிவிட்டு எழுதலாம் என்று எழுந்துவிட்டேன்.