சதாபஹார்

ஏப்ரல் 12, சனி

நான் தோட்டம் போட்டுக் கொடுத்த ஷாதிபூர் மேடம் இன்று என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆறு மாதத்துக்கு முன் அதே வாசலில் நிற்க வைத்து என்னைத் திட்டியவர்தான்.

தப்பு என்னுடையதுதான். "சதாபஹார் பகீச்சா சாஹியே" என்று இந்தியில் சொன்னார். வருஷம் முழுக்கப் பூக்கும் தோட்டம் வேண்டும் என்று அர்த்தம். எங்கள் சௌல்தாரி நர்சரியில் சதாபஹார் என்றால் நித்தியகல்யாணிச் செடி. வாசல் முழுக்க அதையே நட்டுவிட்டேன். மேடம் பிடுங்கச் சொன்னார். என் வீட்டுக்காரரோ, "போயும் போயும் சுடுகாட்டுப் பூவையா வாசல்ல வச்சிருக்க?" என்று வாரக்கணக்கில் சிரித்தார். "ஏப்ரல் வரைக்கும் ருக்கோ மேடம்" என்று, அதுவரை பொறுக்கும்படி மேடத்திடம் வீம்புக்குச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். உள்ளுக்குள் பயம்தான்.

இப்போது தீவில் மழையே இல்லை. குழாயில் மூன்று நாளுக்கு ஒரு தடவைதான் தண்ணீர். மேடத்தின் பக்கத்து வீட்டம்மா மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரவழைத்த ரோஜாவெல்லாம் வெறும் குச்சியாக நிற்கிறது. என் செடிகள் மட்டும் வெள்ளையும் ரோஸுமாக மதில் வரைக்கும் பூத்துக் கிடக்கின்றன.

அந்தம்மாவே இன்று வந்து தனக்கும் ஒரு சதாபஹார் பகீச்சா வேண்டும் என்றார். மழைக்காலத்துக்கு இட்லிப்பூவும் சேர்த்து வைக்கலாம் என்று மனதுக்குள் திட்டம் போட்டுக்கொண்டே, "எது வேணும், செடியா, வருஷம் பூரா பூக்கிறதா?" என்று இந்தியில் கேட்டேன்.

மேடம் முந்திக்கொண்டார். "தோனோ ஏக் ஹி ஹை!"

இரண்டும் ஒன்றுதானாம்! வீட்டுக்காரர் தூங்குகிறார். எழுப்பிச் சொல்லாமல் நான் படுக்கப்போவதில்லை.