அம்மா பெயருக்கு முன்னால் ஒரு ஹாஷ்

ஆர்.எஸ்.புரம், கோவை
ஐப்பசி, ஞாயிறு மதியம்

அன்புள்ள அம்மாவுக்கு,

லாஸ்யா எழுதுவது. நானும் அப்பாவும் நம் ஹாஸ்டலில் இருக்கும் அக்காக்களும் நலம். டப்ளினில் குளிர் எப்படி இருக்கிறது என்று நீதான் எழுத வேண்டும். ஃபோனில் கேட்டால் பரவாயில்லை என்கிறாய். ஃபோனில் நாம் இரண்டு பேருமே அப்படித்தான் பேசுகிறோம். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், மழையா, மழைதான். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். இதில் பாதியில் பரவாயில்லை என்று சொல்லி யாரும் முடித்துவிட முடியாது.

போன வாரம் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். மார்கழி லீவில் வரும்போது அவிநாசியில் சித்தி வீட்டில் தங்கப்போவதாகவும், நான் அங்கே வந்துவிட வேண்டும் என்றும் சொன்னாய். நான் சரி என்றேன். ஃபோனை வைத்த பிறகுதான் அந்தச் சரி எனக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. அப்பாவிடம் சொன்னபோது அவர் தட்டில் இருந்த தோசையைத் திருப்பிப் போட்டார், அடிப்பக்கம் வெந்திருக்கிறதா என்று பார்ப்பவர் மாதிரி. பிறகு சட்னி கேட்டார்.

இங்கே விடாத மழை. மொட்டை மாடியில் நின்றால் மருதமலை இருக்கும் பக்கம் வெறும் வெள்ளையாக இருக்கிறது. இந்த மழையில் எனக்குப் பிடித்த இடம் மாடிப்படிக்குக் கீழே நீ சர்வர் வைத்திருக்கும் மூலைதான். அதன் முனகலைக் கேட்டுக்கொண்டு புத்தகம் படித்தால் எழுத்துகளும் முனகுவது போல இருக்கிறது.

நம் வைஃபைக்குள் யாரை விடுவது என்று பார்க்கும் அந்த சர்வரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். இந்த வருடம் புதிதாக நிறையப் பேர் சேர்ந்திருக்கிறார்கள். காலி செய்து போனவர்களின் பெயர்களை வைஃபையிலிருந்து எடுத்துவிடச் சொன்னார் அப்பா. எல்லாரையுமா என்று கேட்டேன். நான் யாரைப் பற்றிக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்தது. காலி பண்ணிப் போனவங்கன்னா எல்லாரும்தான் அம்மணி என்றார். கோபம் வந்தால் அப்பா தெலுங்குக்குப் போய்விடுவார், உனக்குத் தெரியுமே. அன்றைக்குத் தமிழில்தான் சொன்னார். அதனால் கோபம் இல்லை, வேறு ஏதோ என்று நினைத்துக்கொண்டேன்.

நீ எழுதிய ஃபைல்களை அன்றைக்குத்தான் முதல்முறையாக முழுதும் படித்தேன். முதலில் வைஃபை பெட்டிகளின் பெயர் இருக்கும் ஃபைல். கணக்குப் பாடத்தில் கணங்களுக்குப் போடும் நெளிந்த அடைப்பு இருக்கிறதே, அதே அடைப்புதான். ஒன்றைத் திறந்தால் மூடியாக வேண்டும். உள்ளே இன்னொன்று திறந்தால் அதை மூடிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். அறைக்குள் அறையாகப் போய், ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு திரும்பி வருவது போல இருந்தது.

அடுத்தது ஆட்களின் ஃபைல். அதை இரண்டு முறை படித்தேன். பெயர்கள் எல்லாம் இடது ஓரத்தை ஒட்டி நிற்கின்றன, பக்கத்தில் பாஸ்வேர்டு. அவரவருக்கு எவ்வளவு வேகம், எவ்வளவு நேரம் என்பது கீழே டேப் தள்ளி எழுதியிருக்கிறது. ரயிலுக்கு நிற்கும் பெண்கள் தங்கள் பைகளைச் சற்று உள்ளே தள்ளி வைத்திருப்பது போல. சர்வர் மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வருகிறது. பெயர் பொருந்திய இடத்தில் நின்று, அந்தப் பெயருக்குக் கீழே இருப்பதை எடுத்துக் கொடுக்கிறது. யாருடனும் பொருந்தாமல் கடைசி வரை வந்தவர்களுக்கு டிஃபால்ட் என்று ஒரு வரி, அதில் ரிஜெக்ட், உள்ளே விடாதே என்று. அதைப் படித்தபோது கொஞ்சம் பாவமாக இருந்தது.

அக்காக்கள் கல்லூரி விட்டு கேட்டுக்குள் நுழையும்போது அவர்கள் பையில் இருக்கும் ஃபோன்கள் அவரவர் பெயரை சர்வரிடம் சொல்லிக்கொண்டே வருகின்றன என்பது எனக்கு இத்தனை நாள் தெரியாது. இப்போது சாயங்காலம் ஜன்னலில் உட்கார்ந்தால் அந்த முணுமுணுப்பு கேட்பது போலவே இருக்கிறது.

காலி செய்து போன அக்காக்களை அழித்துக்கொண்டே வந்தேன். யாமினி என்று உன் பெயர் வந்தது. எல்லோருக்கும், அப்பாவுக்குக்கூட, நேரக் கணக்கு வைத்திருக்கிறாய். உனக்கு மட்டும் வைக்கவில்லை. என்னால் அழிக்க முடியவில்லை. ஹாஷ் (#) குறியில் தொடங்கும் வரியை சர்வர் படிக்காது, மனிதர்கள் மட்டும்தான் படிப்பார்கள் என்று நீ மேலே எழுதி வைத்திருந்தாய். அதனால் உன் பெயருக்கு முன்னால் ஒரு ஹாஷ் மட்டும் போட்டேன். அப்பா சொன்னதைச் செய்த மாதிரியும் இருக்கும், நீ ஃபைலில் இருந்த மாதிரியும் இருக்கும் என்று நினைத்தேன். பிறகு சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன். அது எழுந்திருக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒவ்வோர் அறையாக நெட் போனது. சமையலறையிலிருந்து வெங்கடம்மாள் அக்கா கரண்டியோடு வந்து, ஏனுங்க அம்மணி, பொட்டிய அமத்திப்போட்டீங்களா, நாடகம் பாதில நிக்குது என்றார். ரம்ஷா அக்காவை உனக்குத் தெரியாது, உடுமலையிலிருந்து புதிதாக வந்திருப்பவர். அன்று மதியம் அவருக்கு ஆன்லைனில் இன்டர்வியூ. நம் சுவருக்குள் ஃபோன் சிக்னல் வராது என்பதால் மொட்டை மாடியில் குடையும் லேப்டாப்புமாக நின்று பார்த்துவிட்டு நனைந்து இறங்கி வந்தார். எனக்கு வேலை கிடைக்கலைன்னா சம்பளத்த மாசாமாசம் நீதான் குடுக்கோணும் கண்ணு என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் துப்பட்டா நுனியைப் பிழிந்துகொண்டே இருந்தார், அது காய்ந்த பிறகும்.

திரை ஏதோ ஒரு வரி எண்ணைச் சொன்னது. நான் ஹாஷ் போட்ட வரியையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதில் தப்பு எதுவும் இல்லை. கடைசியில் அப்பாவைக் கூப்பிட்டேன். ஈரக் காலோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு இது தெரியும் என்று நான் நினைக்கவே இல்லை. நீ இதை எழுதிய நாட்களில் அவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து உனக்குக் காபி ஆற்றிக் கொடுத்தாராமே. அப்போது பார்த்துப் பழகியது என்றார்.

திரையில் விரலை வைத்து எண்ணி, நான் பார்த்த வரிக்கு அடுத்த வரியில் நிறுத்தினார். நான் உன் பெயரை மறைத்தேன், உன் பெயருக்குக் கீழே டேப் தள்ளியிருந்தவற்றை அப்படியே விட்டுவிட்டேன். அவை யாருடையவை என்று சர்வருக்குத் தெரியவில்லை. சொந்தக்காரர் பெயர் இல்லாத வரிகளை வைத்துக்கொண்டு தொடங்க மாட்டேன் என்று நின்றுவிட்டது.

அப்பா அந்த ஹாஷைப் பார்த்தார். ஏன் அழிக்கவில்லை என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கீழே உள்ள வரிகளுக்கும் ஹாஷ் போட்டாலும் சர்வர் ஓடும், அது எனக்கே அப்போது புரிந்துவிட்டது. அப்பாவுக்குப் புரியாமலா இருந்திருக்கும்? கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு உன் பெயருக்கு முன்னால் இருந்த ஹாஷை அழித்தார். சர்வர் ஓடத் தொடங்கியது. ரம்ஷா அக்கா படியில் இரண்டிரண்டாக ஏறி ஓடினார். இன்டர்வியூ நன்றாகத்தான் போனதாம், முடிவு இன்னும் வரவில்லை.

சாயங்காலம் நானே கேட்டேன். இப்போது சரியாகச் செய்யத் தெரியும், அம்மா பெயரை எடுத்துவிடட்டுமா என்று. அப்பா மோட்டார் போட எழுந்து போனார். ஓடிட்டு இருக்கறதுல கை வெக்காத அம்மணி என்று போகிற போக்கில் சொன்னார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, அவிநாசில இப்ப ரோடு வேல நடக்குது, வந்து போக சிரமம் என்றார். யாருக்குச் சிரமம் என்று நான் கேட்கவில்லை.

அம்மா, நீ கிளம்பிய அன்று அவர் உன்னை வழியனுப்ப நிற்காமல் ஜெனரேட்டர் மெக்கானிக்கைப் பார்க்கப் போனது தப்புதான். நீ அதை மறக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சித்தி வீடும் நல்ல வீடுதான். ஆனால் அங்கே போனதும் வைஃபைக்கு யாரிடமாவது பாஸ்வேர்டு கேட்க வேண்டியிருக்கும். இங்கே நீ யாரையும் எதுவும் கேட்க வேண்டாம். கேட் பக்கம் வரும்போதே உன் ஃபோன் உன் பெயரைச் சொல்லிவிடும், சர்வரும் உள்ளே விட்டுவிடும். அதையே வாயால் சொல்ல அப்பாவுக்குக் கொஞ்சம் நேரம் ஆகும். அதற்குள் நீ செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிடு.

அதுவரை அங்கே குளிரில் வெளியே போகும்போது காதை மூடிக்கொள்.

உன் மகள்,
லாஸ்யா