சொன்னபடி கேட்கும் விரல்கள்

பிப்ரவரி 9

கொழுந்தன் வந்திருந்தான். அண்ணனுக்கென்று ஒரு கேம் மிஷின் வாங்கி வந்தான். சோப்புப் பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. "சின்ன வயசுல நாங்க ஆடுனது அத்தனையும் இதுக்குள்ள இருக்கு அண்ணி. சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கறதுக்கு இது தேவலை. கைக்கும் பயிற்சி."

இவர் வாங்கிப் பார்த்தார். வலது கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினார். முதல் தடவை அழுந்தியது. அடுத்த தடவை விரல் பொத்தான்மேல் சும்மா கிடந்தது. நாங்கள் மூன்று பேருமே அதைப் பார்த்தோம், பார்க்காத மாதிரி இருந்தோம்.

லிஃப்ட் மெக்கானிக். இறுகிப்போன நட்டை விரலாலேயே கழற்றுவார் என்று கம்பெனியில் பேர். போன மழைக்காலத்தில் ஒருநாள் ஸ்பேனர் கையிலிருந்து தானாக நழுவியது. அங்கே ஆரம்பித்தது. நரம்பு நோய். தசைகள் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொள்ளும், மருந்து கிடையாது என்றார்கள். மருந்துக்கடை கவுன்ட்டரில் நின்றுகொண்டு "அது இல்லைங்க" என்று தினமும் எத்தனை பேருக்கு நான் சொல்லியிருப்பேன்! எனக்கு ஒருவர் சொன்னபோது, நாளைக்கு வருமா என்று கேட்கத்தான் வாய் வந்தது.

பிப்ரவரி 11

மிஷினுக்குள் ஆயிரக்கணக்கில் ஆட்டங்கள். ஒரே ஆட்டம் நாலைந்து பெயரில். சிலது வாசிக்கவே முடியாத எழுத்தில். பாதி திறந்தால் கறுப்புத் திரை. இவர் வேண்டியதைத் தேடி முடிப்பதற்குள் விரல் ஓய்ந்துபோகிறது. மெமரி கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டு வேண்டாததை அழிக்க உட்கார்ந்தேன். எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. அலமாரியில் காலாவதி மருந்தை ஒதுக்குகிற மாதிரிதானே என்று தைரியம்.

"கோபுரம் ஏறுற ஆட்டத்தத் தூக்கிடாதடி."

ஒரு குட்டி மனுஷன் மாடி மாடியாக ஏறுகிறான். மேலேயிருந்து கல் விழுந்துகொண்டே இருக்கிறது.

"வேலைலயும் மாடி, ஆட்டத்துலயும் மாடியா?"

"இதுல லிஃப்ட் நின்னுபோச்சுன்னு யாரும் போன் பண்ண மாட்டாங்க."

சிரித்தோம். நாளாகிவிட்டது.

பிப்ரவரி 24

கார்டு செத்துவிட்டது. ஒன்பதாம் மாடிவரை போயிருந்தார், எல்லாம் போச்சு. கொழுந்தன் போனில், "கூட வர்ற கார்டு எல்லாமே குப்பை அண்ணி, வந்தன்னிக்கே மாத்தியிருக்கணும்" என்கிறான். அதை வந்தன்றைக்கே சொல்வதற்கென்ன?

புதுக் கார்டில் எல்லாவற்றையும் ஏற்றினேன். அவர் ஆடிச் சேமித்ததை இனி லேப்டாப்பிலும் ஒரு நகல் வைத்துக்கொள்ள வேண்டும். இவர் மறுபடி முதல் மாடியிலிருந்து ஆரம்பித்தார்.

மார்ச் 14

வலது கை முழுக்கவே போய்விட்டது. மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி இருக்கிறது.

செட்டிங்கில் பொத்தான்களை மாற்றலாம் என்று கண்டுபிடித்தேன். தாவுவதை இடது பக்கத்துக்குக் கொண்டுவந்தேன். இரண்டு கையும் வேண்டிய ஆட்டங்களை அழித்தாக வேண்டும். கார் பந்தயம். விமானச் சண்டை. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்டேன். "சரி" என்றார். "சரி." "சரி." ஏதாவது ஒன்றுக்காவது வேண்டாம் என்று சண்டை போட்டிருக்கலாம்.

இடது பக்கப் பொத்தானும் விரலுக்குச் சின்னதாக இருக்கிறது. இருமல் மருந்து மூடி ஒன்றை அதன்மேல் ஒட்டியிருக்கிறேன்.

மார்ச் 15

மூடி பிடித்துக்கொண்டது. நாலாம் மாடி.

ஏப்ரல் 2

டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். மூச்சுத் தசையும் தளர்கிறதாம். சில மாதங்களில் தொண்டையில் துளை போட்டு மிஷின் வைக்க வேண்டி வரும், அதற்கப்புறம் மிஷின் இல்லாமல் இருக்க முடியாது, வேண்டுமா என்று இப்போதே யோசியுங்கள் என்றார். "அவர்கிட்ட பக்குவமா சொல்லுங்க."

வண்டியில் வரும்போது இவர் கேட்டார்: "என்ன சொன்னாரு?"

"எக்சர்சைஸ் விடாம பண்ணணுமாம்."

எவ்வளவு சரளமாக வந்தது எனக்கு.

ஏப்ரல் 10

அஞ்சாம் மாடியைத் தாண்ட முடியவில்லை. கல் விழுகிறது, விரல் எழுவதற்குள் செத்துவிடுகிறான். மறுபடி. மறுபடி. பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் கண்ணயர்ந்தபோது மிஷினை எடுத்தேன். ஏமாற்று வசதி என்று ஒன்று இருக்கிறது. உயிர் குறையாது. தட்டி வைத்துவிட்டேன். சாயங்காலம் ஏழாம் மாடி. முகமே வேறாகிவிட்டது. தம்பிக்குப் போன் போடச் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டார்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

ஏப்ரல் 19

கண்டுபிடித்துவிட்டார்.

கடையிலிருந்து வந்தபோது மிஷின் மடியில் இருந்தது. விரலை எடுத்துவிட்டு வேண்டுமென்றே அந்தக் குட்டி மனுஷனைக் கல் விழுகிற இடத்தில் நிறுத்தியிருந்தார். கல் விழுந்துகொண்டே இருந்தது. அவன் நின்றுகொண்டே இருந்தான்.

"இவன் ஏன் சாக மாட்டேங்கறான்?"

நான் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"கேபிள்ல ஒரு இழை விட்டுப்போனாலே காலடியில தெரியும் எனக்கு. இது தெரியாதா? கைதானே போச்சு. புத்தியும் போச்சுன்னு நெனச்சியா?" நாக்கு குழறுகிறது இப்போதெல்லாம். கோபத்தில் இன்னும் குழறியது. சொல்லி முடிக்கும்வரை நின்றேன்.

"வேற எதையெல்லாம் இப்படி மாத்தி வெச்சிருக்க? அன்னிக்கு டாக்டர் என்ன சொன்னாரு?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். பக்குவமெல்லாம் ஒன்றும் இல்லை, வாசற்படியிலேயே நின்று கொட்டினேன்.

ஏப்ரல் 20

சாப்பாடு ஊட்டும்போது வாயை மட்டும் திறந்தார்.

ஏப்ரல் 22

"தொண்டையில ஓட்டை வேணாம்" என்றார்.

கொழுந்தன் குதித்தான். "அண்ணி, நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா?" என்றான் என்னிடம். நானா? மிஷினோ எதுவோ, மூச்சு விட்டுக்கொண்டு இந்தக் கட்டிலில் கிடந்தால் போதும் எனக்கு. அதைத்தான் இரண்டு நாளாக உள்ளுக்குள் கத்திக்கொண்டிருக்கிறேன்.

இவர் தம்பியைப் பார்த்தார். "அவ இல்ல. நான். மூச்சு மட்டும் போயிட்டு வந்துட்டு இருக்க, நான் எங்கடா இருப்பேன்?"

அவன் பால்கனிக்குப் போய் நின்றுகொண்டான். தோள் குலுங்கியது.

"எனக்கு இது சம்மதம் இல்ல" என்றேன் நான்.

"தெரியும்."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"பக்கத்துல இரு. எதையும் மாத்தி வெக்காத."

மே 6

ஏமாற்று வசதியை அவர் கண் முன்னாலேயே எடுக்கச் சொன்னார். எடுத்தேன். ஒற்றை விரலால் ஆடினார். ரெண்டாம் மாடியில் கல் விழுந்தது.

"ஆங். இப்ப செத்தான் பாரு, ஒழுங்கா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற விஷயமா இது?

மே 29

இப்போது மிஷின் என் கையில். பக்கத்தில் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்கிறேன், அவர் சொல்கிறார். "இடது." "நில்லு." "தாவு." தாவு என்பதும் சாவு என்பதும் அந்த நாக்கில் ஒரே மாதிரி வருகிறது. இன்றைக்கு அதைச் சொன்னேன். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். பயந்துபோய் முதுகைத் தடவிவிட்டேன். வேறு யாருக்கும் அவர் பேச்சு புரிவதில்லை. கொழுந்தனுக்கு நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜூன் 21

ஆஸ்பத்திரி. டாக்டர் குனிந்து, தொண்டையில் துளை போடலாமா என்று அவரிடமே கேட்டார். இவர் தலையை அசைத்தார், இல்லை என்று. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். "அவர் சொன்னதுதான்" என்றேன். என் வாயா அது?

ஜூன் 23

விடிந்துகொண்டிருந்தபோது. கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வேறு எழுத முடியவில்லை.

செப்டம்பர் 4

உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க நம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பெண் போன வாரம் கடைக்கு வந்தாள். அதே நோயில் ஒரு டீச்சரம்மா இருக்கிறாராம், கேம் மிஷின் வாங்கிவிட்டார்களாம், பொத்தானுக்கு மூடி ஒட்டித் தர முடியுமா என்று கேட்டாள். முடியாது என்று சொல்லத்தான் நினைத்தேன்.

இன்று லீவு போட்டுவிட்டுப் போனேன். கூட வந்த கார்டைத் தூக்கி எறியச் சொன்னேன். புதுக் கார்டில் கொஞ்சமாக, ஒரு கையால் ஆடுகிறவற்றை மட்டும் ஏற்றினேன். பிறகு அந்த அம்மாவிடம் கேட்டேன்: "எந்த விரல் இன்னும் சொன்னபடி கேக்குது?"

பக்கத்தில் நின்ற அவருடைய மாமியார், "ஐயோ, அப்படியெல்லாம் கேக்காதீங்க" என்றார். டீச்சரம்மா அவரைக் கண்டுகொள்ளவில்லை. இடது கையில் நடுவிரலைத் தூக்கிக் காட்டினார். அப்புறம் மோதிர விரல், பாதி.

கிளம்பும்போது அவர் வீட்டுக்காரர் வாசல்வரை வந்தார். கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், அவளுக்குத் தெரியாம, சாகாத மாதிரி ஏதோ வெக்கலாமாமே? அடிக்கடி தோத்தா மனசு விட்டுடுவா. அதான்..."

ஒரு காலில் செருப்பு மாட்டியிருந்தேன். அவர் சட்டையில் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது.

"வெக்கலாம். சுலபம்தான்" என்றேன். "வேணுமான்னு அவங்களையே கேட்டுட்டு வாங்க. நான் இங்கயே நிக்கிறேன்."

கதவில் கை வைத்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு உள்ளே போனார்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தேன்.