காலையில் போட வேண்டிய மாத்திரை

என் வீட்டுக்காரருக்குக் கும்பிடு போட்டு எழுதுவது. உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? சின்னவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் முக்கால்வாசி நலம். மீதிக் கால்வாசிக்கு டாக்டரம்மா மாத்திரை கொடுத்திருக்கிறார். பயப்படாதீர்கள். பைத்தியம் உங்களைக் கட்டிக்கொண்ட அன்றே பிடித்துவிட்டது. இது வெறும் நெஞ்சுப் படபடப்புக்கு. இதை எழுதுவதற்குள் மூன்று முறை எழுந்துபோய் அடுப்பை அணைத்தேனா என்று பார்த்துவிட்டேன்.

இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லை. மாத்திரை போட்ட இந்த ஐந்து நாளாகச் சுத்தமாக இல்லை. நேற்று சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளோடு என் மூக்குக்கண்ணாடியையும் மடித்துக் கட்டிவிட்டேன். பக்கத்தில் இஸ்திரி போடுகிறவள் எடுத்துக் கொடுத்தாள். என்னை டாக்டரிடம் கூட்டிப்போனவளும் அவள்தான்.

“அக்கா, மாத்திரைய எப்ப போடுற?”

“படுக்கப் போறப்ப.”

“ராத்திரி போட்டா தூக்கம் போயிடும், காலையில போடணும்னு டாக்டரம்மா தலைப்பாடா அடிச்சுக்கிட்டாங்களே!”

“பகல்ல போட்டுத் தூங்கி விழுந்தா, என் வேலைய நீயாடி பார்ப்ப?”

சிரித்ததில் அவளுக்கு விக்கல் வந்துவிட்டது. இன்று காலையில் போட்டேன். குணம் தெரிய மூன்று நான்கு வாரம் ஆகுமாம். நானாக நிறுத்தக் கூடாதாம்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் உங்கள் பழைய சட்டை ஒன்றைத் துவைக்காமல் கொடுத்தனுப்புங்கள். இங்கே எல்லாவற்றிலும் சோப்பு வாசனைதான்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. போனில் ‘மாத்திரையெல்லாம் எதுக்கு, விட்டுடு’ என்று மட்டும் சொல்லாதீர்கள். இருபத்தாறு வருஷமாக உங்கள் பேச்சை ஒருநாளும் கேட்டதில்லை. இதைக் கேட்டுவிடுவேன் போலிருக்கிறது.

உங்கள் வாயாடி