ஆப்ஷன் இல்லாத கேள்வி

12 செப்டம்பர் 2023
விடுதி அறை கிடைத்துவிட்டது. கூட இருப்பவள் கூடலூர் ஷெரின். அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் வந்தவள், நீட்டில் 411. நான் 638. ஒரு வருடம் கோச்சிங்கில் உட்கார்ந்து, கேள்வியைப் பார்த்த மாத்திரத்தில் விடையைத் தொடப் பழகிய கை என்னுடையது. இந்த எம்.பி.பி.எஸ். பாடத்தை இவள் எப்படித் தாங்குவாளோ, பாவம்.

20 செப்டம்பர்
சுவரைப் பார்த்துப் பாடம் சொல்கிறாள். முதலில் தமிழில், பிறகு இங்கிலீஷில். எனக்குத் தலை வலிக்கிறது.

18 டிசம்பர்
முதல் இன்டர்னல் வைவா, நேரில் நின்று வாயால் பதில் சொல்லும் தேர்வு. அனாட்டமி மேடம் மேல்கை எலும்பைக் கையில் கொடுத்து, "இது நடுவுல முறிஞ்சா எந்த நரம்பு அடிபடும், ஏன்?" என்றார். எனக்குத் தெரியும். நிச்சயமாகத் தெரியும். ஆனால் நாலு விடைகளை மேடம் சொல்வார் என்று காத்துக்கொண்டே நின்றேன். கடைசியில், "ஆப்ஷன் சொல்லுங்க மேடம்" என்று சொல்லித் தொலைத்தேன். பின்னால் எல்லாரும் சிரித்தார்கள்.

அடுத்து ஷெரின். "பாதிதான் தெரியும் மேடம், சொல்லவா?" என்று கேட்டுவிட்டு, நரம்பு போகும் வழியைத் தன் கைமேலேயே விரலால் வரைந்து காட்டினாள். மீதியை மேடமே சொல்லிக்கொடுத்தார். அவள் பாஸ். நான் ஃபெயில். நானா? ஃபெயிலா?

3 ஏப்ரல் 2024
இரண்டாவதும் போச்சு. எழுத்துத் தேர்வில் ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை. அடுத்ததிலும் மார்க் ஏறாவிட்டால் பல்கலைக்கழகத் தேர்வு எழுத விடமாட்டார்கள். அப்பாவிடம் போனில் அழுதேன். திராட்சைக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தாராம். "அம்புட்டு மார்க் எடுத்த பிள்ளைக்கு இதென்ன ஆத்தா" என்றார்.

அம்புட்டு மார்க்க வச்சு என்ன செய்ய? வாயத் தொறந்தா ஒரு வார்த்தை வரலையே –

5 ஏப்ரல்
வெட்கத்தை விட்டு ஷெரினிடம் கேட்டேன், அப்படி எப்படிப் பேசுகிறாய் என்று.

"தெரியலைன்னு சொல்ல உனக்குக் கூச்சம்டி. எங்கப்பா ஏலக்காத் தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுறாக. வழி தெரியலைன்னா நிறுத்திக் கேப்பாக. அம்புட்டுத்தான்" என்றாள். பிறகு என்னைச் சுவருக்கு முன்னால் கொண்டுபோய், "இங்கன நில்லு. மொதல்ல தமிழ்ல சொல்லு" என்றாள். உளறினேன். அவள் சிரிக்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னாள், பொறுமையாக. இவளையா பாவம் என்று நினைத்தேன்?

11 மே
சுவருக்கு என்னைப் பிடித்துப்போய்விட்டது.

19 ஜூலை
மூன்றாவது வைவா. "இதுவரைக்கும் தெரியும் மேடம், இதுக்கு மேல தெரியல" என்று முதல்முறையாகச் சொன்னேன். உயிர் ஒன்றும் போய்விடவில்லை. தேர்வு எழுத அனுமதி கிடைத்துவிடும்.

24 நவம்பர்
பல்கலைக்கழக ரிசல்ட். எங்கள் வகுப்பில் முதலிடம் நாகராஜுக்கு, நீட்டிலும் அவன்தான் முதல். அதனால் நீட்டைப் பொய் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் எங்கள் அறையை மட்டும் அது தலைகீழாகக் கணித்துவிட்டது. அனாட்டமியில் ஷெரின் 71 சதவீதம், நான் 53. பொறாமை இருக்கிறதா? கொஞ்சம் இருக்கிறது. அதைவிடப் பெருமை அதிகம். அப்பாவிடம் என் மார்க்கைச் சொல்வதற்கு முன்னால் அவள் மார்க்கைத்தான் சொன்னேன்.

26 நவம்பர்
மூன்றாவது கட்டிலுக்கு ஒரு ஜூனியர் வந்திருக்கிறாள். பெட்டியைக் கீழே வைப்பதற்குள், "அக்கா, நீங்க நீட்டுல எம்புட்டு மார்க்?" என்றாள்.

"அனாட்டமில அம்பத்தி மூணு" என்றேன்.