சொல்லாமல் எடுத்த கடலை

விதைக் கடலை மூட்டையை இன்று காலை பிரித்தேன், அக்கா. காய்ந்த தோலும் செம்மண் தூசியுமாக அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், உங்கள் குரலும் வந்துவிட்டது. “க்யூல ஆரம்பிக்கணும். அர்த்தத்தோட சொல்லு, புள்ள.” செத்தும் விடமாட்டீர்களா என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். பக்கத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்த நம் மாமியார், “யாருகிட்டடி பேசற?” என்றார். யாரிடமும் இல்லை அத்தை என்றேன்.

அரூர்ப் பக்கத்து இந்த வீட்டுக்கு நான் இளைய மருமகளாக வந்தபோது, மூத்த மருமகளாக நீங்கள் ஏற்கெனவே கொடி நாட்டியிருந்தீர்கள். தருமபுரியில் கான்வென்ட்டில் படித்தவர். நான் பென்னாகரம் பக்கம், அரசுப் பள்ளிக்கூடம். மிஷினில் போட்டால் பருப்பு உடையும் என்பதால் ஆடிப்பட்ட விதையை இந்த வீட்டில் கையால்தான் உரிப்போம். கட்டைவிரல் காந்தும். அந்த நேரத்துக்கென்று ஓர் ஆட்டம் வைத்திருந்தீர்கள். ஒருத்தி இங்கிலீஷ் எழுத்து ஒன்றைச் சொல்ல வேண்டும். அடுத்தவள் அந்த எழுத்தில் வார்த்தைகளை அர்த்தத்தோடு அடுக்க வேண்டும். முடியாவிட்டால் தன் முறத்திலிருந்து ஒரு பிடி பருப்பைக் காட்டி, “எடுத்துக்கோ” என்று வாயால் சொல்ல வேண்டும். சொல்லாமல் எடுத்தால் திருட்டு. சட்டம் எல்லாம் உங்களுடையது.

நான் வந்த முதல் வருஷமே க்யூ என்ற எழுத்தைத் தூக்கிப் போட்டீர்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை. என் முறம் பாதியானது. அது போகட்டும், விளையாட்டு. அன்றைக்குச் சாயங்காலம் என் புருஷன் மாமனாரிடம், “இவ காலேஜ் சேரணும்ங்கறாப்பா” என்று தயங்கித் தயங்கிச் சொன்னபோது, உங்களை யார் கேட்டார்கள்? “க்விட்டுன்னா என்னன்னே தெரியாத புள்ளைக்குக் காலேஜ் எதுக்குங்க மாமா?” என்றீர்கள். சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். மாமனார், “அதுவும் செரிதான்” என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். அதோடு முடிந்தது. க்விட் என்றால் விட்டுவிடுவது. எனக்கு அந்த அர்த்தத்தை அதற்கப்புறம் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அன்று முடிவு செய்தேன். உங்கள் வாயாலேயே “எடுத்துக்கோ” சொல்ல வைக்காமல் விடுவதில்லை. வீட்டுப் பிள்ளைகளுடைய டிக்‌ஷனரியை அடுப்படியில் வைத்துப் படித்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது க்வென்ச், தாகம் தீர்ப்பது. போர்வை மடிக்கும்போது க்வில்ட், பஞ்சு வைத்துத் தைத்தது. பக்கத்து ஊரில் படிக்காமலே ஊசி போடுகிறவரைப் பார்த்தால் க்வாக், போலி டாக்டர். இங்கே சுற்றிலும் கல் உடைக்கிறார்களே, அந்தக் குவாரிகூட க்யூதான்! தெரிந்த அன்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். மறு வருஷம் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். நீங்கள் அசரவே இல்லை. “ஆரம்பத்துல வர்றத எவ கேட்டா? இந்த வாட்டி க்யூ நடுவுல வரணும்” என்றீர்கள். கையில் உட்கார்ந்த கொசுவைப் பட்டென்று அடித்து, “மஸ்கிட்டோ” என்றீர்கள். அப்படி ஒரு அழிச்சாட்டியத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை, அக்கா. வருஷா வருஷம் இதே கதை. நான் ஒரு எழுத்தைக் கரைத்துக் குடித்து வந்தால் நீங்கள் சட்டத்தை மாற்றுவீர்கள்.

பிறகு உங்களுக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. வாயும் போயிற்று. சேலத்து டாக்டர், “பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருங்க” என்று சொல்லி அனுப்பினார். வீடே உங்களைக் குழந்தையாக்கிக் கொஞ்சியது. நான் கொஞ்சவில்லை. உங்கள் முறத்தைக் கொண்டுவந்து மடியில் வைத்தேன். “க்யூ. அர்த்தத்தோட சொல்லுங்க” என்றேன். உதடு கோணியது, சத்தம் வரவில்லை. ஒரு பிடி அள்ளி என் முறத்தில் போட்டேன். மறுநாளும் அள்ளினேன். அதற்கு மறுநாளும். உங்கள் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு இரக்கம் வரவில்லை, மனசு குளிர்ந்துபோயிற்று. அத்தை கத்தினார்: “நெஞ்சுல ஈரம் இருக்குதாடி உனக்கு? படுத்துக் கெடக்கறவகிட்டயா வெளையாட்டு?” கெடக்கட்டும் என்று அள்ளிக்கொண்டே இருந்தேன்.

ஒரு நாள் நான் கையை நீட்டியதும் உங்கள் இடது கை என் மணிக்கட்டைப் பிடித்தது. நகம் பதிந்தது. முகமெல்லாம் சிவந்து, “க்... வா... ரல்” என்றீர்கள். எல்லாரும் ஓடிவந்தார்கள். நான் விடவில்லை. “அர்த்தம்?” என்றேன். “சண்ட” என்றீர்கள். மூச்சு வாங்கி, என்னையே முறைத்து, அடுத்த வார்த்தையும் சொன்னீர்கள்: “திருடி.” உங்கள் புருஷன் தேம்பித் தேம்பி அழுதார். அத்தை சாமி அறைக்கு ஓடினார். நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பாவி, அந்த நிலைமையிலும் ஜெயித்துவிட்டீர்களே!

அதற்கப்புறம் நன்றாகவே பேசினீர்கள். பேச்சு திரும்பிய வாயால் என்னைத் தோற்கடித்தீர்கள், “எடுத்துக்கோ” மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. இந்தச் சித்திரையில் போய்ச் சேர்ந்தீர்கள். சாவுக்கு வந்த ஊர்ப் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “கூடப் பொறந்தவளாட்டம் பாத்துக்கிட்டியே, நீயில்லைன்னா அவ அன்னிக்கே ஊமையாப் போயிருப்பா” என்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் பழி வாங்கத்தான் உட்கார்ந்தேன் என்று சொன்னால் நம்புவார்களா? உங்களுக்குத் தெரியும். இந்தப் பூமியில் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கருமாதிப் படையலில் இட்லி, வடை, காப்பி, உங்களுக்குப் பிடித்ததெல்லாம் வைத்தார்கள். நான் உங்கள் முறத்தில் உரித்த கடலை வைத்தேன். பாசம் என்று நினைத்துக்கொண்டார்கள். கற்பூரம் அணைந்ததும் உங்கள் போட்டோ முன்னால் குனிந்து, “க்யூ” என்றேன். நின்று பார்த்தேன். உங்களுக்கு எவ்வளவு நேரம் கொடுத்தேன் தெரியுமா? வாயே திறக்கவில்லை நீங்கள். உறவுக்காரர்கள் அத்தனை பேரும் பார்க்க, படையலிலிருந்து ஒரு பிடியை அள்ளி முந்தானையில் முடிந்தேன்.

இன்று விதையெல்லாம் உரித்தாகிவிட்டது. அந்தப் பிடியை மட்டும் இதோடு சேர்க்கவில்லை, விதைக்கவும் விடமாட்டேன். என் பெட்டியில், துணிக்கு அடியில் இருக்கிறது. நீங்கள் “எடுத்துக்கோ” சொல்லவில்லை, சொல்லாமல்தான் எடுத்தேன். எழுந்து வந்து திருடின்னு சொல்லுங்க அக்கா, பார்க்கலாம்.